உரிமை இல்லாத 1,463 டாலர், கேக்காம விட்ட 918 டாலர்: அமெரிக்காவுல படிச்ச ஒரு மாணவரோட டாக்ஸ் ரீஃபண்ட் கேஸ்

இது 2024 வரி வருஷத்து கேஸ். டெக்சாஸ்ல எம்எஸ் படிச்ச ஒரு தம்பி, வயசு 25, 2023 ஆகஸ்ட்ல எஃப்-1னு சொல்ற மாணவர் விசாவுல இந்தியாவுல இருந்து போனவர். அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன், ஆள் யாருன்னு கண்டுபிடிக்கக்கூடிய விவரம் எல்லாத்தையும் எடுத்துட்டேன், தொகைகள மட்டும் கணக்கு எளிதா புரியணும்னு கொஞ்சம் ரவுண்ட் பண்ணியிருக்கேன். ஏன் இத முழுசா எழுதணும்னா, வருஷா வருஷம் பிப்ரவரி மார்ச்சுல இதே கேஸ் வேற வேற பேர்ல வருது. தனக்கு சேராத ரீஃபண்ட வாங்கி அக்கவுண்ட்ல போட்டுக்கிறாங்க, தனக்கு நியாயமா வரவேண்டிய ரீஃபண்ட கேக்கவே மாட்டேங்கறாங்க, ஏன்னா அப்படி ஒன்னு இருக்குறதே யாரும் சொல்றதில்ல.

தம்பிக்கு 2024ல ரெண்டு இடத்துல சம்பளம். கேம்பஸ்ல லைப்ரரி வேலை, வருஷம் முழுக்க சேத்து 7,200 டாலர். கோடை லீவுல சிபிடி, அதாவது படிப்போட ஒரு பகுதியா வெளிய வேலை பாக்க தர்ற அனுமதி, அத வாங்கி இல்லினாய் மாநிலத்துல ஒரு கம்பெனில இன்டர்ன்ஷிப், மணிக்கு 25 டாலர், வாரத்துக்கு 40 மணி நேரம், 12 வாரம், ஆக 12,000. மொத்தம் 19,200. இன்டர்ன்ஷிப் சம்பளத்துல ஃபெடரல், அதாவது மத்திய அரசு, வருமான வரியா 982 டாலர் பிடிச்சிருந்தாங்க, கேம்பஸ் சம்பளத்துல ஒன்னும் பிடிக்கல.

ஜனவரி கடைசில, சம்பளமும் பிடித்தமும் போட்டு வேலை குடுத்தவங்க தர்ற டபிள்யூ-2 ஃபார்ம் ரெண்டும் கைக்கு வந்துச்சு, கூடவே யுனிவர்சிட்டி 1098-டி னு ஒரு ஃபார்ம் அனுப்புச்சு, அதுல எவ்வளவு ஃபீஸ் கட்டினார்னு இருக்கும். ரூம்மேட்ஸ் எல்லாரும் இலவச டாக்ஸ் சாஃப்ட்வேர் ஒன்னுல போட்டுட்டு இருந்தாங்க, இவரும் அதுலயே உக்காந்து போட்டார். அந்த மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் குடிமக்களையும், வரிக்கணக்குல அமெரிக்காவாசியா எண்ணப்படுற ரெசிடென்ட்டையும் மனசுல வெச்சு செஞ்சது, 1098-டி இருக்கான்னு கேக்கும், இருக்குன்னு சொன்னா நம்பர போடச் சொல்லும், போட்டதும் மேல ஓரத்துல ரீஃபண்ட் தொகை பச்சை கலர்ல ஏறும். இவருக்கு 519ல நின்னது 1,982 ஆச்சு. அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட்னு ஒன்னு, படிப்புச் செலவுக்காக கட்ட வேண்டிய வரில 2,500 டாலர் வரைக்கும் குறைச்சுத் தர்றது, அதுல வரியே இல்லன்னாலும் கையில 1,000 டாலர் வரைக்கும் திருப்பித் தருவாங்க. சப்மிட் பண்ணிட்டார். மூணு வாரத்துல பணமும் அக்கவுண்ட்ல ஏறிடுச்சு. பணம் வந்துட்டா எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நெனைக்கிறதுதான் இதுல பெரிய ஆபத்து, அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் பணத்த முதல்ல அனுப்பிடும், கேள்வி பின்னாடி எப்ப வேணாலும் வரும்.

மார்ச் கடைசில என்கிட்ட வந்தப்போ அவர் கேட்டது வேற விஷயம். "அண்ணா, 8843னு ஒரு ஃபார்ம் எல்லாரும் போடணும்னு இன்டர்நேஷனல் ஆபீஸ்ல மெயில் வந்திருக்கு, நான் டாக்ஸ் ஏற்கெனவே ஃபைல் பண்ணிட்டேன், இது தனியா வேணுமா?" எந்த ஃபார்ம்ல ஃபைல் பண்ணீங்க தம்பின்னு கேட்டேன். 1040ன்னார், குடிமக்களும் ரெசிடென்ட்டும் போடுற ரிட்டர்ன் அது. அதுக்கப்புறம் மொத்த ஃபைலையும் அனுப்பச் சொன்னேன்.

முதல்ல தீர்மானிக்க வேண்டியது ஸ்டேட்டஸ்

ரீஃபண்ட் எவ்வளவுங்கிறது ரெண்டாவது கேள்விதான். வரி விஷயத்துல நீங்க ரெசிடென்ட்டா நான்ரெசிடென்ட்டாங்கிறது முதல் கேள்வி, இது தப்பினா அதுக்கு மேல போடுற கணக்கு எதுவும் நிக்காது. ரெசிடென்ட்டான்னு பொதுவா அமெரிக்காவுல இருந்த நாள எண்ணித்தான் முடிவு பண்ணுவாங்க, ஆனா எஃப்-1ல வர்ற மாணவருக்கு முதல் 5 காலண்டர் வருஷம் அந்த நாள எண்ண மாட்டாங்க, அதனால அந்த 5 வருஷமும் பொதுவா நான்ரெசிடென்ட்தான். காலண்டர் வருஷம்ங்கிறத கவனிங்க, டிசம்பர் 30 வந்து இறங்கினாலும் அந்த ரெண்டு நாளுக்கே ஒரு முழு வருஷம் கழிஞ்சுடும். தம்பி வந்தது 2023, அப்போ 2023, 24, 25, 26, 27 அஞ்சும் நான்ரெசிடென்ட். முன்னாடி எஃப்-1லயோ ஜே-1 பரிமாற்ற விசாவுலயோ வந்து போயிருந்தா அந்த வருஷங்களும் இதுல சேரும், அவருக்கு அப்படி எதுவும் இல்ல.

நான்ரெசிடென்ட்னா ஃபைல் பண்ண வேண்டியது 1040-என்ஆர். வெறும் 1040 இல்ல. அதோட 8843 சேத்து வெக்கணும், நாள எண்ணாதீங்க நான் மாணவன்னு சொல்ற ஃபார்ம் அது. வருமானமே இல்லாத வருஷத்துக்கும் 8843 போடணும், தம்பிக்கு 2023ல வேலையே இல்லைங்கறதால அது தேவையில்லன்னு விட்டிருந்தார், அதையும் சேத்து இப்ப போட வெச்சோம். தாமதமா அனுப்பினதுக்கு அதுல அபராதம்னு பணம் எதுவும் கட்டச் சொல்றதில்ல, ஆனா ரெக்கார்ட்ல இருக்கணும்.

இப்ப அந்த கிரெடிட்டுக்கு வரேன். நான்ரெசிடென்ட்டுக்கு இந்த படிப்பு கிரெடிட் கிடையாது, அதோட முடிஞ்சது. ஆனா இவர் கேஸ்ல இன்னொன்னும் இருந்துச்சு. 1098-டிய விரிச்சு 9ஆம் கட்டத்த பாக்கச் சொன்னேன், அதுல டிக் இருந்துச்சு. கிராஜுவேட் மாணவர்னு அர்த்தம். இந்த கிரெடிட் காலேஜோட முதல் நாலு வருஷத்துக்குத்தான், எம்எஸ் படிக்கிற ஒரு அமெரிக்கக் குடிமகனுக்கே இது வராது. ஆக ஒரே ரிட்டர்ன்ல ரெண்டு விதத்துல தகுதி இல்லாத தொகை. சாஃப்ட்வேர் கேட்ட கேள்விக்கு எல்லாம் யெஸ் அமுக்கிட்டே போனா இப்படித்தான் ஆகும். இந்த கிரெடிட்ட விதிய கண்டுக்காம அசட்டையா கேட்டதா ஐஆர்எஸ் முடிவு பண்ணா 2 வருஷத்துக்கு கேக்க முடியாம தடை போடலாம், மோசடின்னு முடிவு பண்ணா 10 வருஷம். அதுவும் போக ரிட்டர்ன்ல கையெழுத்து போடுற இடத்துக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிங்க, பொய்னு தெரிஞ்சு கையெழுத்து போட்டா சட்டப்படி தண்டனைன்னு இருக்கும்.

"எல்லாரும் இப்படித்தான் அண்ணா பண்றாங்க, யாருக்கும் லெட்டர் வரலயே"ன்னார். இது எல்லா மாணவர்களும் சொல்றதுதான், அவர் மேல கோபப்பட ஒன்னும் இல்ல, ஊர் விட்டு ஊர் வந்து வாடகைக்கும் ஃபீஸுக்கும் கணக்கு பாத்துட்டு இருக்குற பையனுக்கு திடீர்னு 1,982 டாலர் வந்தா சந்தோஷப்படாம என்ன பண்ணுவான். ஆனா நாளைக்கு கிரீன் கார்டுக்கோ வேற எதுக்கோ பழைய ரிட்டர்ன எடுத்து நீட்டும்போது, மாணவ விசாவுல இருந்தவர் ரெசிடென்ட்னு கையெழுத்து போட்டிருக்கார்னு தெரிஞ்சா பதில் சொல்ல வேண்டியது அவர்தான், ரூம்மேட் இல்ல.

சரியான கணக்கு

இந்திய மாணவர்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கு, இத சத்தமா சொல்லணும். வருமானத்துல இருந்து வரி போடாம கழிக்கிற ஒரு நிலையான தொகை இருக்கு, மத்த நாட்டு நான்ரெசிடென்ட்டுகளுக்கு அந்த ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் பொதுவா கிடையாது. இந்தியா அமெரிக்கா வரி ஒப்பந்தத்துல, 1989ல கையெழுத்தானது, 21ஆம் ஆர்ட்டிகிள் 2ஆம் பத்தி, அதுப்படி இந்தியாவுல இருந்து படிக்க வர்ற மாணவருக்கு அமெரிக்க ரெசிடென்ட்டுக்கு கிடைக்கிற அதே கழிவு கிடைக்கும். 2024க்கு தனி நபருக்கு அது 14,600 டாலர். 1040-என்ஆர்ல கழிவு எழுதுற வரில இந்தத் தொகைய போட்டு, பக்கத்துல இந்தியா ஒப்பந்தத்துப்படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்னு ஒரு குறிப்பும் எழுதணும். இந்த ஒரு வரி விட்டுப்போச்சுன்னா இவர மாதிரி ஒருத்தருக்கு கிட்டத்தட்ட 1,600 டாலர் வரி கூடிடும். வேற நாட்டு நண்பரோட ஃபார்ம பாத்து காப்பி அடிக்கிறவங்க இங்கதான் பணத்த விடுறாங்க.

19,200ல 14,600 போக 4,600. அதுக்கு டாக்ஸ் டேபிள்ல பாத்தா வரி 463 டாலர். பிடிச்சது 982. அப்போ சரியான ஃபெடரல் ரீஃபண்ட் 519. வந்தது 1,982, திருப்பிக் கட்ட வேண்டியது 1,463.

மாநில வரி சீக்கிரம் முடிஞ்சது. டெக்சாஸ்ல தனி நபர் வருமான வரியே இல்ல. இல்லினாய்ல 4.95 சதவீதம், வேலை பாத்தது அங்கங்கறதால அங்க நான்ரெசிடென்ட்டா ஃபைல் பண்ணணும். 594 டாலர் பிடிச்சிருந்தாங்க, அவருக்கு வர்ற வரி விலக்குப் பங்க வருமானத்துல கழிச்சா வரி 508, திரும்பி வந்தது 86. அத ஏற்கெனவே சரியாவே போட்டிருந்தார், ஃபெடரல்ல ஃபார்ம் மாறினதால அந்தக் கணக்கு மாறல.

திருத்துறதுக்கு 1040-எக்ஸ். நான்ரெசிடென்ட் ரிட்டர்னுக்கு மாத்தும்போது 1040-எக்ஸோட முதல் பக்கத்துல பேர், விலாசம், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் தவிர வேற எதையும் நிரப்பக்கூடாது, பின்னாடி காரணம் எழுதுற பகுதில ரெண்டு மூணு வரில நேரா எழுதணும். எஃப்-1 மாணவன், நான்ரெசிடென்ட், தவறுதலா 1040 ஃபைல் பண்ணிட்டேன், சரியான 1040-என்ஆர் இணைச்சிருக்கேன், தகுதி இல்லாத படிப்பு கிரெடிட்ட எடுத்துட்டேன். கதை எழுத வேண்டாம். புது 1040-என்ஆர முழுசா நிரப்பி மேல "அமெண்டட்"னு எழுதி, ரெண்டு டபிள்யூ-2, 8843 சேத்து, 1,463க்கு யுனைடெட் ஸ்டேட்ஸ் ட்ரெஷரி பேர்ல செக் வெச்சு, செக்ல சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் வருஷமும் ஃபார்ம் பேரும் எழுதி, சர்ட்டிஃபைட் மெயில்ல அனுப்பினார். ஏப்ரல் 15க்கு முன்னாடியே போயிடுச்சு. அது முக்கியம், கடைசி தேதிக்குள்ள திருத்தி பணத்தையும் கட்டிட்டா வட்டி அபராதம் எதுவும் கிடையாது. அந்தத் தேதி தாண்டிட்டா ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும்.

பணத்துல ஒரு பகுதிய ஏற்கெனவே செலவு பண்ணிட்டார், மிச்சத்த சேமிப்புல இருந்து எடுக்க வேண்டி வந்துச்சு. அவர் முகம் வாடிப்போனத வீடியோ கால்லயே பாத்தேன். அப்பத்தான் ரெண்டு டபிள்யூ-2வையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டுங்கன்னு சொன்னேன்.

கட்டம் 4, கட்டம் 6

யுனிவர்சிட்டி குடுத்த டபிள்யூ-2ல 4ஆம் கட்டமும் 6ஆம் கட்டமும் காலி. கம்பெனி குடுத்ததுல 4ல 744, 6ல 174. முதலாவது ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி வரி, சம்பளத்துல 6.2 சதவீதம். அடுத்தது முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர், 1.45 சதவீதம். ரெண்டும் சேந்தா ஃபைக்கான்னு சொல்லுவாங்க, 7.65 சதவீதம், 12,000க்கு 918 டாலர்.

எஃப்-1ல இருக்குற நான்ரெசிடென்ட் மாணவர், விசா அனுமதிச்ச வேலைய செய்யும்போது இந்த வரிய கட்ட வேண்டியதே இல்ல. கேம்பஸ் வேலை, சிபிடி, படிப்பு முடிஞ்சதும் வேலை பாக்க தர்ற ஓபிடி, அறிவியல் தொழில்நுட்பம் படிச்சவங்களுக்கு அத நீட்டிக்கிற ஸ்டெம் ஓபிடி எல்லாத்துக்கும் இது பொருந்தும். உள்நாட்டு வருவாய்ச் சட்டம் 3121 பிரிவு, உட்பிரிவு பி, எண் 19. யுனிவர்சிட்டிக்கு இது அத்துப்படி, அவங்க பிடிக்கல. சின்ன கம்பெனில பேரோல் பாக்குறவங்களுக்கு பல பேருக்கு தெரியாது, எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி பிடிச்சுடுவாங்க. இது வருமான வரி இல்லங்கறதால 1040-என்ஆர்ல எங்க தேடினாலும் இதுக்கு இடம் கிடையாது, ரிட்டர்ன் சரியா போட்டவங்களுக்குக் கூட இது தானா திரும்பி வராது. தனியா கேட்டு வாங்கணும். இதுதான் பெரும்பாலான மாணவர்கள் விட்டுட்டுப் போற காசு, ஊருக்குத் திரும்பிப் போய் வருஷக்கணக்கா ஆன பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படுறவங்கள எனக்குத் தெரியும்.

முதல்ல கம்பெனிகிட்டதான் கேக்கணும், அதுதான் முறை. தம்பி மெயில் போட்டார், சட்டப் பிரிவையும் ஐஆர்எஸ்ஸோட பப்ளிகேஷன் 519ஐயும் சொல்லி, யுனிவர்சிட்டி தர்ற மாணவர் சான்றான ஐ-20ல சிபிடி அனுமதி இருக்குற பக்கத்த இணைச்சு. கம்பெனிக்கும் இதுல லாபம் இருக்குன்னு ஒரு வரி சேக்கச் சொன்னேன், ஏன்னா பிடிச்ச 918க்கு சமமா கம்பெனியும் தன் பங்குக்கு இன்னொரு 918 கட்டியிருக்கும், 941-எக்ஸ்னு சம்பள வரிக் கணக்கத் திருத்துற ஃபார்ம ஃபைல் பண்ணா அவங்களும் அத திரும்ப வாங்கலாம். இப்படி சொன்னா பல இடத்துல காரியம் நடந்துடும், பணத்த குடுத்துட்டு திருத்தின டபிள்யூ-2சியும் அனுப்பிடுவாங்க. இவர் கம்பெனில நடக்கல. முதல் பதில், எல்லாரும் கட்டணும்னு. ரெண்டாவது பதில், வருஷம் முடிஞ்சுபோச்சு, டபிள்யூ-2 போயாச்சு, எங்களால ஒன்னும் பண்ண முடியாது. சண்டை போட வேண்டாம், அந்த மெயிலயே பத்திரமா வெச்சுக்கங்கன்னேன், திருப்பித் தர மாட்டேன்னு கம்பெனி எழுத்துல சொன்னது நமக்கு ஆதாரம்.

அடுத்தது நேரா ஐஆர்எஸ். ஃபார்ம் 843, கூட ஃபார்ம் 8316. 843ல எந்தக் காலத்துக்கான வரி, எவ்வளவு, எந்த வகை வரி, ஏன் திரும்பக் கேக்குறீங்கங்கிற விளக்கம். 8316ல எப்ப அமெரிக்கா வந்தீங்க, என்ன விசா, கம்பெனிகிட்ட கேட்டீங்களா, அவங்க ஏதாவது குடுத்தாங்களா, கம்பெனி பேர் விலாசம். கூட வெச்சது: டபிள்யூ-2 காப்பி, பாஸ்போர்ட்ல விசா பக்கம், நாட்டுக்குள்ள நுழைஞ்சதுக்கான பதிவான ஐ-94, சிபிடி குறிச்ச ஐ-20, கம்பெனி அனுப்பின மெயில், எனக்கு எந்தத் தொகையும் திரும்ப வரலன்னு அவரே கையெழுத்து போட்ட ஒரு பக்க ஸ்டேட்மெண்ட். ஓபிடில பிடிச்சிருந்தா வேலை அனுமதி அட்டையான ஈஏடி கார்டு காப்பியும் வெக்கணும். இத வருமான வரி ரிட்டர்னோட ஒரே கவர்ல போடக்கூடாது, அது போற இடம் வேற. இது யூட்டா மாநிலத்துல ஆக்டன்ல இருக்குற சர்வீஸ் சென்டருக்குப் போகுது. கேக்குறதுக்கு பொதுவா 3 வருஷ காலம் இருக்கு, அதனால 2023லயோ 2024லயோ இன்டர்ன்ஷிப் பண்ணவங்க இப்பவே பழைய டபிள்யூ-2வ எடுத்து அந்த ரெண்டு கட்டத்தையும் பாத்துடுங்க.

அனுப்பிட்டு காத்திருக்குறதுதான் கஷ்டமான பகுதி. ரீஃபண்ட் எங்கன்னு பாக்குற ஐஆர்எஸ் டூல்ல 843 தெரியாது. மே மாசம் அனுப்பினார், அதே நேரத்துல படிப்பு முடிஞ்சு ரூம் காலி பண்ண வேண்டியதாச்சு, வீடு மாறினதும் 8822 போட வெச்சேன், விலாச மாற்றத்துக்கான ஃபார்ம். ஐஆர்எஸ் லெட்டர் பழைய வீட்டுக்குப் போச்சுன்னா மொத்த உழைப்பும் வீணாகிடும். கோடை முடியுறப்போ ஒரு லெட்டர் புது விலாசத்துக்கு வந்துச்சு, இன்னும் தெளிவான விசா காப்பி வேணும்னு, குடுத்த கெடுவுக்குள்ள அனுப்பினார். வருஷக் கடைசில 918 முழுசா வந்துச்சு. செக்கா வர்றவங்க ஒன்னு கவனிங்க, அமெரிக்க ட்ரெஷரி செக் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், ஊருக்குத் திரும்பி வர்றவங்க பணம் வர்ற வரைக்கும் அமெரிக்க பேங்க் அக்கவுண்ட மூடிடாதீங்க.

ஆக 519, 86, 918, மூணும் சேந்து 1,523 டாலர் அவருக்கு நியாயமா வந்தது. இதுல பெரிய தொகை அவர் கேள்வியே பட்டிராத அந்த 918தான்.

இந்த மாதிரி கேஸ்கள பாக்கும்போது எனக்கு ஆதங்கம் என்னன்னா, பல யுனிவர்சிட்டிகள் நான்ரெசிடென்ட்டுக்குன்னே இருக்குற ஸ்பிரின்டாக்ஸ் மாதிரி சாஃப்ட்வேருக்கு இலவச கோட் தர்றாங்க, இன்டர்நேஷனல் ஆபீஸ் மெயில்ல அது கிடக்கும், யாரும் திறந்து பாக்குறதில்ல. தம்பிக்கும் பிப்ரவரியிலயே அந்த மெயில் வந்திருந்துச்சு. அதுவும் போக "உங்களுக்கு 2,000 டாலர் வாங்கித் தரேன், அதுல இத்தனை சதவீதம் குடுங்க"ன்னு சொல்ற ஆளுங்ககிட்ட போகாதீங்க, ரீஃபண்ட் பெருசா இருந்தா அவங்களுக்கு கமிஷன் பெருசு, லெட்டர் வந்தா பேர் உங்களுது.

சின்னதா இன்னும் ரெண்டு. சேமிப்பு அக்கவுண்ட்ல வர்ற பேங்க் வட்டிக்கு நான்ரெசிடென்ட் மாணவருக்கு பொதுவா வரி இல்ல, அத கொண்டுபோய் வருமானத்துல சேக்காதீங்க. ஷேர் வித்து லாபம் பாத்தவங்க, அந்த வருஷம் 183 நாளோ அதுக்கு மேலயோ அமெரிக்காவுல இருந்திருந்தா அதுக்கு 30 சதவீதம்னு நினைவு வெச்சுக்கங்க, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் அந்த லாபத்துக்கு உதவாது.

தம்பி இப்ப ஓபிடில வேலைல இருக்கார். ஆஃபர் லெட்டர் வந்ததுமே, சேர்றதுக்கு முன்னாடியே பேரோலுக்கு மெயில் போட வெச்சேன், எஃப்-1 ஓபிடி, நான்ரெசிடென்ட், 3121 பிரிவுப்படி ஃபைக்கா பிடிக்கக்கூடாதுன்னு. வரி பிடிக்கிறதுக்காக கம்பெனிகிட்ட குடுக்குற டபிள்யூ-4 ஃபார்ம்ல 4சி வரிக்குக் கீழ இருக்குற இடத்துல நான்ரெசிடென்ட்னு எழுதச் சொன்னேன். முதல் பே ஸ்லிப்ப எனக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பினார், சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் பூஜ்யம். 2027 டிசம்பர் வரைக்கும் இது இப்படியே இருக்கணும், நடுவுல எச்-1பி வேலை விசாவுக்கு மாறிட்டா மாறின நாள்லேர்ந்து பிடிக்க ஆரம்பிப்பாங்க, அது சரியான பிடித்தம், அத திரும்பக் கேக்க முடியாது.